எதிர்ப்புடன், மரியகுழந்தை

“‘தோழர்’ அடிக்க மாட்டேன். ‘திரு’ தான் போடுவேன். இஷ்டம்னா இருங்க, இல்லன்னா பங்காருபேட்டை போயி அடிச்சிக்கோங்க.”

மரியகுழந்தை இதைச் சொல்லும்போது விரல்கள் நிற்பதில்லை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மனுவின் வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவர் வாசு. பென்ஷன்காரர் சங்கத்தின் செயலாளர், அப்பன் காலத்திலிருந்து செங்கொடிக்காரர். “தோழர் ராமையா” என்று அவர் வாய் சொல்ல, “திரு. ராமையா” என்று திரையில் விழுகிறது. இருபது வருடமாக இப்படித்தான் விழுகிறது. ஒருமுறை மனுவைத் “தோழமையுடன்” என்று முடிக்கச் சொன்னார் வாசு. மரியகுழந்தை “தங்கள் உண்மையுள்ள” என்று அடித்துவிட்டு, “உண்மையா இருங்க செயலாளரே, அது போதும்” என்றார்.

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒற்றை அறைக் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், தாளைக் கடித்துத் துப்புகிற ஒரு பிரிண்டர். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், ஆள் வருகை எழுதும் டைம் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர் மரியகுழந்தை. மூடிய பிறகு இந்தக் கடை. வயது அறுபத்தாறு. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் பிழையில்லாமல் மனு அடிக்க அந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, அது திரைக்கு. தலைமேல் ஏற்றிவிட்ட இன்னொன்று மனிதர்களுக்கு. தலைக் கண்ணாடி மூக்குக்கு இறங்கினால் மனு கொண்டு வந்தவர் வாயை மூடிக்கொள்வது நல்லது. குழாயில் தண்ணீர் வரவில்லை, கணவன் வீட்டுக்கு வரவில்லை, வாரிசுச் சான்று வரவில்லை என்று எது வந்தாலும் முழுதும் ஒருமுறை சத்தமாகப் படிப்பார். படித்துவிட்டு, “இதுல பொய் எத்தன கீது?” என்று கேட்பார். “வோணாம்னு சொல்லல. எது எதுன்னு தெரிஞ்சா அந்த எடத்துல இங்கிலீஷ் கொஞ்சம் கெட்டியாப் போடலாம், அதுக்குத்தான்.”

சிவப்பு அவருக்கு ஆகாது. சிவப்புச் சேலை கிடையாது. மகள் ரெபேக்கா ஒரு தடவை சிவப்பு பக்கெட் வாங்கி வந்தபோது அதைக் கோழி அடைக்க அனுப்பிவிட்டார். பிழை திருத்தும் பேனாவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

ஊரில் அவருக்குப் பெயர் ஆன்ட்டி. பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிற பெண்கள், “ஆன்ட்டி, சாயந்திரம் வந்து வாங்கிக்கறேன்” என்று தாளை வீசிவிட்டுப் போவார்கள். அவர்கள் சொல்வது அத்தை, சித்தி வகையைச் சேர்ந்த ஆன்ட்டி. எழுபதைத் தாண்டியவர்கள் அதே சத்தத்தில் அதே வார்த்தையைச் சொன்னால் அர்த்தம் வேறு. அது ஆன்ட்டி கம்யூனிஸ்ட். பின்பாதி நாளாவட்டத்தில் தேய்ந்து, முன்பாதி மட்டும் நிற்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மரியகுழந்தைக்கு ஒரு வழி உண்டு. சொல்கிறவர் சிரித்துக்கொண்டு சொன்னால் சொந்தம். சொல்லிவிட்டு உமிழ்நீரை விழுங்கினால் அரசியல். தமிழில் எழுதும்போதுதான் தொல்லை என்பார். சுழி ஒன்று மாறி ‘ஆண்டி’ என்று விழுந்துவிட்டால் மனுஷி நேராகப் பழனிமலைக்குப் போய்விடுவாள்.

தூய தமிழில் அதற்கு என்ன என்று ஒருவர் கேட்டார். கம்யூனிச எதிர்ப்பாளர் என்றார் மரியகுழந்தை. கொஞ்ச நேரம் யோசித்து, “ஆனா ‘எதிர்’னு சொன்னா இந்த ஊர்ல வேற ஆயிடுது” என்றார். ஆனது உண்மைதான். சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் அவர் குடியிருப்பது நாற்பத்தொன்றாம் நம்பர், அதற்கு நேர் எதிர் வீடு வாசுவுடையது. ஆட்டோக்காரர்கள் வழி கேட்டால் ஜனங்கள் சொல்வது, “கம்யூனிஸ்ட்டு வூட்டுக்கு எதிர்.” அந்த வகையில் பார்த்தால் அவர் பிறந்த நாளிலிருந்தே கம்யூனிஸ்ட்டுக்கு எதிர்தான்.

கம்யூனிசம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்கக் கூடாது. “அது எனக்கு இன்னா தெரியும்? அது ரஷ்யாவுல இருந்துச்சோ சைனாவுல இருந்துச்சோ. எனக்குக் கம்யூனிஸ்ட்டத்தான் தெரியும்” என்பார்.

தெரிந்த விதம் இதுதான். அவருக்கு ஒன்பது வயது. சுரங்கத்தில் ஸ்ட்ரைக். அப்பா சிரில் பம்ப் ஆப்பரேட்டர். ஸ்ட்ரைக்கோ கிறிஸ்துமஸோ, அடிமட்ட லெவலில் தண்ணீர் ஊறிக்கொண்டுதான் இருக்கும். இறைக்காவிட்டால் ஸ்ட்ரைக் முடிந்து இறங்குகிறவர்கள் நீந்தத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அதனால் சங்கமே பம்புக்கு மட்டும் ஆள் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தது. பதினோராம் நாள் பட்டியலில் இருந்த ஆள் சாராயக் கடையில் படுத்துவிட்டார். சிரில் பட்டியலில் இல்லாதவர். தண்ணீருக்குப் பட்டியல் தெரியாது என்று சொல்லிவிட்டுக் ஆள் இறக்கும் கேஜில் ஏறி இறங்கிவிட்டார். மறுநாள் காலை வீட்டுக் கதவில் தாரால் ஆளுயரத்துக்கு இங்கிலீஷில் நான்கெழுத்து: ஏ, என், டி, வொய்.

எழுதியவர் எதிர் வீட்டு ராஜப்பா, சங்கத்து லைன் கமிட்டித் தலைவர், வாசுவின் அப்பா. கடைசி எழுத்து ‘ஐ’யாக இருக்க வேண்டும் என்பது ஒன்பது வயது மரியகுழந்தைக்கே தெரிந்தது. “திட்றதுன்னா ஸ்பெல்லிங்கோட திட்டணும்” என்று இன்றைக்கும் சொல்வார். அதோடு நின்றிருந்தால் கதையாகச் சொல்லிச் சிரித்திருக்கலாம். அப்பாவுக்குத் தலைமுடி வெட்ட யாரும் வரவில்லை. குழாயடியில் அம்மாவின் குடம் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த மாதமே காய்ச்சலில் எட்டு மாதத் தம்பி இறந்துபோனான். லைனில் ஒரு கதவு திறக்கவில்லை. சின்னப் பெட்டிதான். சிரில் அதைக் குடையை இடுக்குவதுபோலக் கைக்குள் இடுக்கிக்கொண்டு, பாதிரியார் முன்னால் நடக்க, தனியாகக் கல்லறைக்குப் போனார். ஸ்ட்ரைக் முடிந்தது. எல்லோரும் இறங்கினார்கள். லெவல் காய்ந்து கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஆகவே மரியகுழந்தையின் எதிர்ப்பு புத்தகம் படித்து வந்ததல்ல. அது வீட்டில் இருக்கிற அம்மிக்கல் மாதிரி. யாரும் தூக்கிக் காட்டுவதில்லை, ஆனால் இருக்கிறது.

அப்படி இருந்ததைத் தூக்கிக் காட்டத்தான் போன மழைக்காலத்தில் நாகேஷ் வந்தார். நாற்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, நிலம் வாங்கி மனை பிரித்து விற்கிற தொழில். புதிதாக ‘நகர விழிப்புணர்வுப் பேரவை’ என்று ஒன்று ஆரம்பித்து, அதற்குத் தாமே தலைவராகவும் ஆகியிருந்தார்.

“உங்க மாதிரி ஒருத்தர் இந்த ஊர்ல இருக்கறது எங்களுக்குத் தெரியவே இல்லம்மா. உங்கப்பா தியாகி. நீங்க தியாகி மகள். ஞாயித்துக்கெழம மைசூர் மைன்ஸ் ஹால்ல உங்களுக்கு ஒரு சன்மானம்.” கன்னடத்துச் சன்மானம் என்றால் பொன்னாடை போர்த்திப் பாராட்டுவது. அழைப்பிதழின் மாதிரியையும் காட்டினார். ‘கம்யூனிச எதிர்ப்பு போராளி மரியகுழந்தை அவர்களுக்கு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மரியகுழந்தை தலைக் கண்ணாடியை இறக்கி அதைப் படித்தார். ஐம்பத்தேழு வருடம் கதவிலும் முதுகுக்குப் பின்னாலும் மட்டும் கேட்ட வார்த்தை, தமிழாகி, ‘அவர்கள்’ போட்டு, பூங்கொத்துப் படத்துக்கு நடுவில் நின்றது. ‘எதிர்ப்பு’க்குப் பக்கத்தில் ஒற்று விட்டுப்போயிருந்ததை மட்டும் திருத்தினார். “வர்றேன்” என்றார்.

ரெபேக்காவுக்குப் பிடிக்கவில்லை. அவள் தினமும் மாரிகுப்பத்தில் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். “மம்மி, அந்த ஆளு பிளாட் போட்றவரு. நம்ம லைன் மேல கண்ணு. சும்னே யாரும் சால்வ போத்த மாட்டாங்க.”

“எனக்கு ஒருத்தரு போத்தறாருன்னா ஒனக்கு இன்னாத்துக்கு எரியுது?”

“எரியல. குளிருது.”

மரியகுழந்தை மூன்று நாள் மகளுடன் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பச்சைப் பட்டுச் சேலையில் மைசூர் மைன்ஸ் போய்ச் சேர்ந்தார்.

ஹாலில் அறுபது நாற்காலி, நாற்பது பேர். பிரியாணி வாசனை முன்வரிசை வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. பொன்னாடை நல்ல கனம். போர்த்தியபோது தோள் இறங்கியது. மரியகுழந்தைக்குக் கண் கலங்கியது. அப்பாவை நினைத்துக்கொண்டார். அதுவரைக்கும் நாகேஷ் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

நாகேஷ் மைக்கைப் பிடித்தார். “இந்த ஊர்ல கம்யூனிஸ்ட் ஒழிஞ்சிட்டான்னு நெனைக்காதீங்க. புது வேஷத்துல கீறான். பட்டா வோணும்னு லைன் வூட்ட உட்டு நகராத கூட்டம், அது கம்யூனிஸ்ட். குப்ப அள்ற பொம்பளைங்க கையுறை வோணும்னு ஆபீஸ் வாசல்ல ஒக்காந்தாங்களே, அது கம்யூனிஸ்ட். மாரிகுப்பம் ஸ்டேஷன்ல வண்டிய கால் மணி முன்ன உடுன்னு மனு குட்தாங்களே, அதுவும் கம்யூனிஸ்ட் வேல.”

மேடையில் உட்கார்ந்திருந்த மரியகுழந்தை ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க விரல் மடக்கினார். லைன் மனு, அவர் அடித்தது. கையுறை மனு, அவர் அடித்தது. ‘கையுறை’ என்ற சொல்லையே அவர்தான் போட்டுக் கொடுத்தார், வந்தவர்கள் ‘கிளவுசு’ என்றுதான் சொன்னார்கள். ரயில் மனு, அவர் அடித்தது. அதில் முதல் கையெழுத்து ரெபேக்காவுடையது.

பேச்சு முடிந்ததும் நாகேஷ் ஒரு தாளை நீட்டினார். அச்சடித்து வந்திருந்தது. பென்ஷன்காரர் சங்கத்தின் மிரட்டலுக்குப் பயந்துதான் லைன் வீட்டுக்காரர்கள் பட்டா மனுவில் கையெழுத்துப் போட்டார்கள் என்றும், சங்கத்தின் கொடுமையைத் தலைமுறையாக அனுபவித்தவள் என்ற முறையில் தாம் சாட்சி சொல்வதாகவும் அதில் இருந்தது. கீழே மரியகுழந்தையின் பெயர். கையெழுத்துக்கு இடம்.

“இத பட்டா ஆபீஸ்ல குட்துட்டா அந்த வாசுவோட கத முடிஞ்சுதுமா. உங்க நாப்பத்தொண்ணாம் நம்பர் பத்திக் கவலப்படாதீங்க, அது நான் பாத்துக்கறேன்” என்று நாகேஷ் காதோரம் சொன்னார்.

வாசுவின் கதை முடியும் என்பது மரியகுழந்தைக்குக் கசக்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு நிமிஷம் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மிரட்டல் என்ற சொல்லில் கண் நின்றது. லைனின் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் அவருடையது போக மற்ற எல்லோரும் ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுக்க அவர் கடைக்குத்தான் வந்தார்கள். மருமகள் கதை, முழங்கால் வலி, மெகா சீரியல் எல்லாம் பேசினார்கள். யாரும் மிரண்டதாகத் தெரியவில்லை. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நாகேஷின் முகம் மலர்ந்தது. மரியகுழந்தை தாளின் பிழைகளை வட்டமிட்டார். ஏழு வந்தன. பிறகு எழுந்து மைக்குக்குப் போனார்.

“நாகேஷ் சார் ஒரு லிஸ்ட் சொன்னாரு. அத்தனையும் என் கடையில அடிச்ச மனு. நான் அடிச்சது. அப்போ இந்த ஊர்லயே பெரிய கம்யூனிஸ்ட் நான்தான். எனக்குப் போய் இத்தப் போத்திட்டீங்க.”

நாற்பது பேரில் சிலர் கை தட்டினார்கள், எதற்கென்று தெரியாமல்.

“நான் ஆன்ட்டிதான். இல்லன்னு சொல்லல. எங்கப்பா தண்ணி எறைக்கப் போனாரு. எதிர் வூட்டு ராஜப்பா எங்க கதவுல தார் பூசினாரு. எங்க தம்பிய எடுக்க நாலு பேரு வர்ல. ராஜப்பா மவன் மூஞ்சியக் காலையில பாத்தா எனக்கு அன்னிக்கு இட்லி எறங்காது. அது நான் சாகற வரைக்கும் அப்படித்தான். ஆனா குப்ப அள்றவ கைக்கு உறை கேட்டா அவளும் கம்யூனிஸ்ட்டு, என் பொண்ணு வண்டி கேட்டா அவளும் கம்யூனிஸ்ட்டுன்னா, அப்புறம் எங்க கதவுல எழுதனவங்கள நான் இன்னான்னு சொல்றது? எனக்குன்னு கீறது அந்த ஒரு வார்த்த. அத்த ஊருக்கெல்லாம் பங்கு போட்டுட்டா எனக்கு இன்னா மிஞ்சும்?”

தாளை நாகேஷிடம் நீட்டினார். “ஏழு மிஸ்டேக். திருத்தியாச்சு. கையெழுத்து வேற யார்கிட்டயாவது வாங்கிக்கோங்க.” பொன்னாடையைத் திருப்பித் தரவில்லை. போர்த்தியது போர்த்தியதுதான். இப்போது ஜெராக்ஸ் மெஷினுக்கு அதுதான் உறை. தூசு அண்டுவதில்லை.

பிரியாணி சாப்பிடாமல் வெளியே வந்தார். ரோட்டின் எதிர்ப்பக்க டீக்கடையில் வாசு நின்றிருந்தார். உள்ளே பேசியது ஸ்பீக்கரில் தெருவெல்லாம் கேட்டிருந்தது. மரியகுழந்தை அவரைக் கடந்து நடந்தார். வாசு கிளாசை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். பத்தடி இடைவெளி. கொஞ்ச தூரம் போனதும் பேசினார்.

“எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, மரியா.”

மரியகுழந்தை நிற்கவில்லை.

“தார் டப்பாவக் கையில வெச்சுக்கினு என்னத்தான் கேட்டாரு. ஆன்ட்டின்னா ஸ்பெல்லிங் இன்னாடான்னு. நான்தான் சொன்னேன்.”

இப்போது நின்றார். திரும்பினார். தலைக் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. “அப்போ இன்னா படிச்சீங்க?”

“ஆறாவது.”

“இங்கிலீஷ்ல மார்க்கு?”

“முப்பத்தஞ்சு.”

“எவன் பாஸ் போட்டான்?”

வாசு தரையைப் பார்த்தபடி, “பாப்பாவ எட்துக்கினு போனப்போ ஜன்னல்ல பாத்துக்கினு இருந்தேன். எங்கம்மா வெளிய வரக் கெளம்புச்சு. அப்பா உட்ல. அதுக்கப்புறம் எங்கம்மா அவருகூட ரொம்ப நாளு பேசல. இத்த உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். எப்பன்னு தெர்ல” என்றார்.

“அம்பத்தேழு வருஷம் ஆச்சு” என்றார் மரியகுழந்தை. திரும்பி நடந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பட்டுச் சேலையோடேயே நெடுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரெபேக்கா காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா காப்பியைக் குடித்துவிட்டு, “உங்க வண்டி மனு இன்னா ஆச்சு?” என்றார். பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வாசு கடைப்பக்கம் வரவில்லை. மரியகுழந்தை தம் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். நாற்பத்தொன்றாம் நம்பர் வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு பட்டா மனு, மூன்று மொழியிலும் அடித்து, தாமே ஆபீசுக்கு எடுத்துப் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ஒத்த மனு எடுக்கறதில்லம்மா. லைன் மொத்தமா ஒரே மனுவாக் குடுங்க. ஏற்கெனவே குட்தது பழைய ஃபார்ம்ல கீது, அதுவும் செல்லாது. புதுசாக் கையெழுத்து வாங்கி வெள்ளிக்கெழமக்குள்ள வந்துடணும்.” சங்கத்துக்கும் இதே சேதி போயிருந்தது.

வியாழக்கிழமை மதியம் வாசு வந்தார். இரண்டு நாளாக வீடுவீடாக ஏறி இறங்கிய முகம். கையில் கையெழுத்துத் தாள்களின் கட்டு. முகப்பு மனுவை அடிக்க வேண்டும். உட்காரலாமா என்று நாற்காலியைப் பார்த்தார். மரியகுழந்தை பிரிண்டரில் தாளைச் சொருகியதும் உட்கார்ந்தார். முதல் பத்தி அடித்து முடிப்பதற்குள் கரண்ட் போனது.

மாரிகுப்பம் வண்டி ஒன்று ஊதிக்கொண்டு போனது. வாசு வேர்வையைத் துடைத்தார்.

“கையெழுத்து எத்தன வந்துச்சு?” என்றார் மரியகுழந்தை.

“எரநூத்திப் பதினொண்ணு.”

“யாரு பாக்கி?”

வாசு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இருபது வருடத்தில் அவர் காட்டிய சாமர்த்தியங்களில் இது ஒன்றுதான் பலித்தது. மரியகுழந்தை கையை நீட்டினார். கடைசித் தாள் வந்தது. மனுஷி அதில் நிதானமாக எழுதினார், தமிழில். வாசு எட்டிப் பார்த்தார். ‘எதிர்ப்புடன் கையொப்பமிடுகிறேன். மரியகுழந்தை, தந்தை பெயர் சிரில், பம்ப் ஆப்பரேட்டர்.’

“இன்னாம்மா இது? ஆபீஸ்ல கேட்டா யாருக்கு எதிர்ப்புன்னு சொல்றது?”

“கேக்கட்டும். சட்டத்துல அதுக்கு எடம் கீது. எதிர்ப்பு தெரிவிச்சிட்டுக் கையெழுத்துப் போடலாம். கையெழுத்து கையெழுத்துதான்.”

“கம்யூனிஸ்ட் மனுவுல ஆன்ட்டி கையெழுத்து.”

“இது கம்யூனிஸ்ட் மனு இல்ல செயலாளரே. வூட்டு மனு.”

வாசு தாளை வாங்கிக் கட்டின்மேல் வைத்தார். கட்டைக் கட்ட நூலைத் தேடிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. மேலே காற்றாடி தூக்கத்திலிருந்து எழுந்ததுபோலச் சுழன்றது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் ஒரே நேரத்தில் கிளம்பிப் பறந்தன. வாசு கை இரண்டையும் விரித்து ஒன்றைப் பிடித்தார், ஒன்றை விட்டார், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மண்டியிட்டு மேசைக்கடியில் துழாவினார். மரியகுழந்தை எழுந்திருக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவும் இல்லை. ஒரு தாள் மட்டும் தரையோடு வழுக்கி வாசல்படி வரைக்கும் போய், வெளியே சாக்கடையைப் பார்த்து எழும்பியது. அப்போது எழுந்தார். அறுபத்தாறு வயதுக்கு அது வேகம்தான். செருப்புக் காலை ஓங்கி அதன்மேல் வைத்து அமுக்கினார். சங்கத்தின் பெயர் அச்சிட்ட தலைப்பின்மேல் சரியாகப் பதிந்தது கால்.

குனிந்து தாளை எடுத்தார். சேலைத் தலைப்பால் செருப்புத் தடத்தைத் துடைத்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை புத்தகத்தை மிதித்துவிட்டால் செய்வதைப்போல, அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.